மலைநாட்டு கார்மன்ட்கள்: 30,000 சம்பளமா மூட வைக்குது? மூடினா கையில என்ன வரணும்?

#1 சாரல்

ரெண்டு விஷயத்தை ஒரே இழையில போடுறேன். ரெண்டும் ஒன்னோட ஒன்னு பின்னிக் கிடக்கு.

2026 ஜனவரியில இருந்து இலங்கையில தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. 2025 ஏப்ரல்ல இருந்து 27,000. அதுக்கு முன்னாடி 17,500, கூட வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி 3,500, ஆக 21,000. இந்த ஏத்தம்தான் மூட வைக்குதுன்னு ஹட்டன், கினிகத்தேனை, தலவாக்கலைப் பக்கம் சின்ன கார்மன்ட் வச்சிருக்கிறவங்க வாய்ல ஒரே பேச்சு. உண்மையா?

ரெண்டாவது, மூடுறதுக்கு முந்தி ஒரு தாள் நீட்டுறாங்க. சிங்களத்துல டைப் பண்ணி, பேரும் அடையாள அட்டை இலக்கமும் நிரப்ப இடம் விட்டிருக்கும். "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான், கையெழுத்துப் போட்டா செக் ரெடி" என்பாங்க. அதுல என்ன எழுதியிருக்கு, செக்ல எவ்வளவு இருக்கணும்?

தெரிஞ்சவங்க கணக்கோட எழுதுங்க. "அரசாங்கம் கவனிக்கணும்" மாதிரிப் பதில் ஏற்கெனவே நிறைய இருக்கு.

#2 சம்பளத்தாள்

முதல்ல 30,000 என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது அடிப்படைச் சம்பளம். வரவுக் கொடுப்பனவு (லீவு போடாமல் வந்தால் தருவது), டார்கெட் இன்சென்டிவ், சாப்பாட்டுக் காசு, ஓ.டி. எல்லாம் அதுக்கு மேலதான் வரணும். 24,000 அடிப்படை போட்டு, 6,000 வரவுக் கொடுப்பனவு சேர்த்து "30,000 குடுக்கிறோம்" என்று காட்டினால் அது சட்டப்படி சரியில்லை. நட்டமும் ஒரு இடத்தோட நிற்காது. ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) 24,000க்குத்தான் கட்டுப்படும், ஓ.டி. 24,000க்குத்தான் வரும், கடைசியில் பணிக்கொடையும் 24,000க்குத்தான்.

ஒழுங்கான தாள் இப்படி இருக்கும்:

அடிப்படை 30,000. ஈ.பி.எப் தொழிலாளி பங்கு 8%, அதாவது 2,400 கழியும். முதலாளி பங்கு 12%, 3,600. ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3%, 900. இந்த 900ஐத் தொழிலாளி சம்பளத்துல இருந்து கழிக்கவே கூடாது, அது முழுக்க முதலாளி தலையில. சில தாள்கள்ல "ஈ.டி.எப்" என்று ஒரு கழிப்பு இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

ஓ.டி.: ஆடைத் தொழில் சம்பள நிர்ணய சபைக்குக் கீழ வருது. ஆகவே மாதச் சம்பளத்தை 200ஆல் வகுக்கணும். 30,000 ÷ 200 = 150. ஒன்றரை மடங்கு 225 ரூபா, ஒரு மணித்தியாலத்துக்கு. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 240 என்ற வகுத்தியை ஃபேக்டரி லைனுக்குப் போடுகிற இடங்கள் இருக்கு. 240ஆல் வகுத்தால் 187.50தான் வரும். மாதம் 40 மணித்தியாலம் ஓ.டி. செய்தால் 1,500 ரூபா சத்தமில்லாமல் போய்விடும். பெண்களுக்கு மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது என்பதும் சட்டம். தாளில் 60ஐக் காட்டிவிட்டு மிச்சத்தை "வேறு கொடுப்பனவு" என்று எழுதினால், கூட வேலை வாங்கியதை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

வரவுக் கொடுப்பனவுதான் உண்மையான கயிறு. ஒரு நாள் லீவு போட்டால் பாதி, ரெண்டு நாள் போட்டால் முழுசும் போகிற மாதிரித்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால் அந்த நாள் சம்பளத்தைவிடக் கூடுதலாக வெட்டு விழும்.

#3 மேபீல்ட் சந்தி

எல்லாம் சரி. ஆனா கணக்குப் போடுறவங்க தோட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. தேயிலையில நாள் சம்பளம் 1,550, வரவுக்கு அரசாங்கம் குடுக்கிற 200, மொத்தம் 1,750. 25 பேர், அதாவது 25 நாள் வேலை, போட்டா 43,750. கார்மன்ட்ல 30,000. அப்புறம் ஏன் பொம்பளப் புள்ளைங்க விடியக்காலையில இருட்டோட பஸ் ஏறி கார்மன்ட் போகுதுங்க?

#4 தேயிலைப்பேர்

@மேபீல்ட் சந்தி அண்ணே, அந்த 25தான் பிடி. வரட்சி மாசத்துலயும் கொழுந்து குறைஞ்ச மாசத்துலயும் 25 பேர் வேலையே தோட்டத்துல இருக்காது. இருந்தாலும் கிலோ குறைஞ்சா அரைப்பேர். 16 பேர் விழுந்த மாசம் 28,000. அதுல ஈ.பி.எப், சங்கச் சந்தா, கோயில், கடன்னு எல்லாம் கழியும். ஈ.பி.எப் கணக்குப் பார்க்கிறதும் 1,550க்கு, 1,750க்கு இல்ல.

கார்மன்ட்ல மாசம் எவ்வளவுன்னு முன்கூட்டியே தெரியும். அட்டை கடிக்காது, மழை இல்ல, கணக்கப்பிள்ளை பேர் வெட்டுறது இல்ல. அதுக்குப் பதிலா டார்கெட் இருக்கு, பாத்ரூம் போக டோக்கன் இருக்கு. எது மேல்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா "தோட்டத்துல கூடக் குடுக்கிறாங்க, இங்க ஆள் கிடைக்கல, அதான் மூடுறோம்"னு சொல்ற முதலாளிக்கு ஒன்னு சொல்லலாம். ஆள் கிடைக்காதது 30,000 கூடினதால இல்ல, அது போதாததால.

#5 நிமிடக்கணக்கு

சாரலின் முதல் கேள்விக்கு வருகிறேன். கார்மன்டில் விலை எல்லாம் நிமிடத்தில்தான் ஓடும். ஒரு உடுப்பைத் தைக்க எத்தனை நிலைப்படுத்திய நிமிடம் என்று ஆர்டர் எடுக்கும்போதே போட்டுவிடுவார்கள். எஸ்.எம்.வி. என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். சாதாரண டீசேட் ஒன்றுக்கு 9 நிமிடம் என்று வைப்போம்.

ஒரு மெஷின் ஒப்பரேட்டருக்கு முதலாளி மாதம் செலவழிப்பது: 30,000 + ஈ.பி.எப் 3,600 + ஈ.டி.எப் 900 + பணிக்கொடைக்கு ஒதுக்க வேண்டிய 1,250 (வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், 12ஆல் வகுத்தது). மொத்தம் 35,750. மாதம் 200 மணித்தியாலம் என்றால் 12,000 நிமிடம். ஆக ஒரு நிமிடம் 2.98 ரூபா.

ஆனால் 12,000 நிமிடமும் உடுப்பாக வெளியே வராது. இருபது பேர் லைனில் ஒரு நாளுக்கு 20 × 480 = 9,600 நிமிடம். நூறு வீதத்தில் ஓடினால் 1,066 டீசேட். 640 வந்தால் லைன் 60%இல் ஓடுது. 533 வந்தால் 50%.

இப்போது சம்பளத்தைப் போட்டுப் பாருங்கள். 50%இல் ஓடும் லைனில் ஒரு டீசேட்டுக்கு ஒப்பரேட்டர் கூலி 53.60 ரூபா. 65%இல் ஓடினால் 41.25. வித்தியாசம் 12 ரூபாவுக்கு மேல.

27,000இலிருந்து 30,000 ஆனதால் கூடியது எவ்வளவு? 3,000க்கு ஈ.பி.எப், ஈ.டி.எப், பணிக்கொடை சேர்த்து 3,575. நிமிடத்துக்கு 30 சதம். 50% லைனில் ஒரு டீசேட்டுக்கு 5.36 ரூபா.

அதாவது சம்பள ஏற்றத்தால் கூடினது 5 ரூபா, லைன் சரியாக ஓடாததால் போறது 12 ரூபா. மூட வைப்பது எது என்று இதிலேயே பாதி தெரியும்.

#6 மேபீல்ட் சந்தி

லைன் ஓடாததுக்குக் காரணம் பிள்ளைங்கதான்னு அடுத்து சொல்லுவாங்க.

#7 நிமிடக்கணக்கு

சொல்வார்கள். ஆனால் 50%க்குக் காரணம் பெரும்பாலும் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் இல்லை.

பெரிய காரணம் ஸ்டைல் மாற்றம். புது ஸ்டைல் ஏறிய முதல் நாட்களில் லைன் 25, 30, 35% என்றுதான் ஏறும். ஆர்டர் 20,000 உடுப்பு என்றால் அந்த ஏற்றத்தைப் பிற்பாடு ஈடு செய்யலாம். 1,500 உடுப்பு ஆர்டர் என்றால் லைன் பழகுவதற்குள் முடிந்துவிடும். மலைநாட்டு ஃபேக்டரிகளில் நிறைய சப் வேலை, அதாவது பெரிய கம்பெனிக்குத் துணை ஒப்பந்தத்தில் தைப்பது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனி தன் லைனில் நல்ல நீள ஆர்டரை வைத்துக்கொண்டு, மிச்சம் மீதியையும் அவசர வேலையையும் சப்புக்குத் தள்ளும். சப்புக்கு வருவது தையல் கூலி மட்டும். துணி, டிரிம் (பொத்தான், லேபல்), பையருடனான (உடுப்பை வாங்கும் கம்பெனியுடனான) பேரம் எதுவும் கையில் இல்லை. இதில் சம்பளம் 3,000 ஏறினால் அதைப் பையரிடம் கேட்க அவருக்கு வழியும் இல்லை.

இன்னொன்று காத்திருப்பு. கட்டிங் வராமல், பொத்தான் வராமல், லேபல் தவறாக வந்து லைன் நிற்கும் நிமிடங்கள். இதைத் தனியாக எழுதி வைக்காத ஃபேக்டரிகளில் அந்த நிமிடம் எல்லாம் ஒப்பரேட்டர் தலையில் "குறைந்த எபிஷன்சி" என்று விழும். இன்சென்டிவ் 60%இல் தொடங்குகிறது என்றால், அரை நாள் கட்டிங் இல்லாமல் நின்ற லைனுக்கு அந்த மாதம் இன்சென்டிவ் இல்லை. நியாயமான கணக்கில் காத்திருந்த நிமிடத்தைக் கழித்துவிட்டுத்தான் வீதம் பார்க்க வேண்டும்.

#8 ஊசிநூல்

மெயின்டனன்ஸ் பக்கத்தில் இருந்து ரெண்டு சேர்க்கிறேன். மலையில கொழும்பு மாதிரி இல்ல.

மின்சாரம்: வோல்டேஜ் இறங்கினா சேர்வோ மோட்டர் மெஷின் எரர் காட்டி நின்னுடும். கரண்ட் போனா ஜெனரேட்டர், டீசல். அயர்ன் செக்ஷனுக்கு நீராவி ஏற நேரம் எடுக்கும், அதுவரைக்கும் பினிஷிங் சும்மா.

ஈரம்: பனி மாசத்துல பாக்ஸ் பண்ணின உடுப்புல பூஞ்சணம் பிடிக்கும். பெட்டி அட்டையே ஈரம் இழுக்கும். அயர்ன் பண்ணின சூட்டோட பொலித்தீன்ல போட்டா நிச்சயம் பிடிக்கும். ஆறவிட்டு, ஈரப்பத மீட்டர்ல பார்த்துத்தான் பெக் பண்ணணும். அவசரத்துல இதை விட்டா முழு ஷிப்மென்டும் திரும்பும். ஒரு சின்ன ஃபேக்டரிக்கு ஒரு ஷிப்மென்ட் திரும்புறது மூணு மாசச் சம்பளத்துக்குச் சமமான அடி.

ரோடு: பெரிய கன்டெய்னர் நிறைய இடத்துக்கு ஏறாது. லொறியில இறக்கிக் கீழ மாத்தணும். கினிகத்தேனை ரோடோ கடுகண்ணாவையோ மண்சரிவுல மூடினா கப்பல் திகதி போயிடும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கப்பலைத் தவறவிட்டு விமானத்துல அனுப்பினா அந்தச் செலவு பெரும்பாலும் ஃபேக்டரி தலையிலதான்.

இதெல்லாம் சேர்ந்துதான் மூடுறது. ஆனா நோட்டீஸ் போர்ட்ல எழுதுறது ஒரே வரி: சம்பள உயர்வு.

#9 பழைய ஃபைல்

சரித்திரமும் கொஞ்சம் வேணும். 1992இல் பிரேமதாச காலத்தில் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் என்று கிராமங்களுக்கும் மலைப் பிரதேசங்களுக்கும் ஃபேக்டரி கொண்டு போனார்கள். அப்போது கோட்டா (ஆடை ஏற்றுமதிக்கு நாட்டுக்கு நாடு அளவு ஒதுக்கீடு) இருந்தது. தூர இடத்தில் தொடங்குபவருக்குக் கோட்டா பங்கு சலுகையாகக் கிடைத்தது, அதுதான் இழுத்தது. 2005 ஜனவரி 1இல் உலகம் முழுக்கக் கோட்டா முடிந்தது. 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை போனது, 2017 மே மாதம் திரும்பி வந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து அமெரிக்கா 20% தீர்வை போட்டது. முதலில் 44% என்றுதான் அறிவித்தார்கள். ஒவ்வொரு அடியிலும் முதலில் விழுந்தது துறைமுகத்துக்குத் தூரமான சின்ன ஃபேக்டரி.

தூரம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. 2025 மே மாதம் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்துக்குள்ளேயே நெக்ஸ்ட் கம்பெனியின் ஃபேக்டரி மூடினது. விமான நிலையம் எட்டிப் பார்க்கிற தூரத்தில். அங்கே செலவு கூடிவிட்டது என்பதுதான் சொன்ன காரணம்.

#10 சாரல்

காரணம் போதும். தாளுக்கு வாங்க. யாராவது சட்டம் தெரிஞ்சவங்க?

#11 கையெழுத்து

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலை முடிவுறுத்தல் சட்டம் என்று சொல்வோம். சராசரியாக 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்த இடம், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஆள் என்றால் இது பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த முதலாளிக்கு இரண்டே வழிதான்: தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி. ஃபேக்டரியை மூடுவதும் இதற்குள் வரும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது.

இப்போது அந்தத் தாள் என்ன என்று புரியும். "சுயவிருப்பின் பேரில் விலகுகிறேன்" என்ற கையெழுத்துத்தான் முதல் வழி. ஆணையாளரிடம் விண்ணப்பித்தால் விசாரணை, நட்டஈட்டுச் சூத்திரம் எல்லாம் வரும். கையெழுத்து வாங்கிவிட்டால் அது எதுவும் இல்லை, பேசின தொகைதான் தொகை. அதனால்தான் அவசரம்.

சூத்திரம் இது, சேவை வருடத்துக்கு:

1 முதல் 5 வருடம் வரை: வருடத்துக்கு 2½ மாதச் சம்பளம்
6 முதல் 14 வரை: 2 மாதம்
15 முதல் 19 வரை: 1½ மாதம்
20 முதல் 24 வரை: 1 மாதம்
25 முதல் 34 வரை: ½ மாதம்

உச்ச வரம்பு 25 இலட்சம். 2021க்கு முன் 12½ இலட்சமாக இருந்தது.

8 வருடம் வேலை செய்தவருக்கு: முதல் 5 வருடத்துக்கு 12½ மாதம், அடுத்த 3க்கு 6 மாதம், மொத்தம் 18½. கடைசிச் சம்பளம் 30,000 என்றால் 5,55,000. இதற்கு வெளியே பணிக்கொடை தனி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம்: 8 × 15,000 = 1,20,000. ஈ.பி.எப், ஈ.டி.எப் அதற்கும் வெளியே, அவை ஏற்கெனவே உங்கள் காசு.

ஆக 6,75,000. "எல்லாம் சேர்த்து 4 இலட்சம்" என்று ஒரு தாள் நீட்டினால் அதில் 1,20,000 எப்படியும் கொடுத்தாக வேண்டிய பணிக்கொடை. உண்மையில் நட்டஈடாகத் தருவது 2,80,000. சூத்திரத்தில் ஏறக்குறைய பாதி.

பேசி ஒத்துக்கொள்வது தவறில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று தனித்தனி வரியாகப் பிரித்து எழுதாத தாளில் பேனா வைக்க வேண்டாம்.

#12 மேபீல்ட் சந்தி

அய்யா, சூத்திரம் அழகா இருக்கு. முதலாளி ராத்திரியோட ராத்திரியா கேட்டைப் பூட்டிட்டுப் போனா ஆணையாளர் என்ன பண்ணுவார்? 4 இலட்சம் இன்னைக்குக் கையில வர்றது நல்லதா, 6¾ இலட்சம் நாலு வருஷம் கழிச்சுக் காகிதத்துல வர்றது நல்லதா?

#13 கையெழுத்து

நியாயமான கேள்வி, அதற்கு ஒரே பதில் இல்லை. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

வேறு ஊரில் ஃபேக்டரி நடத்துகிற, ஏற்றுமதி செய்கிற கம்பெனி என்றால் தொழில் திணைக்கள விசாரணைக்குப் பயப்படும். பையரின் சமூகத் தணிக்கை இருக்கிறது, பெயர் கெடும். அங்கே அவசரப்பட வேண்டாம். சூத்திரத்துக்குக் குறையாமல் கேட்கலாம், மேலேயும் கேட்கலாம்.

தனி ஆள் சப் ஃபேக்டரி, கட்டடம் வாடகை, மெஷின் லீசிங், வங்கியில் கடன் என்றால் நிலைமை வேறு. கம்பெனி கலைப்புக்குப் போனால் சம்பளப் பாக்கி, ஈ.பி.எப் போன்றவை முன்னுரிமைப் பட்டியலில் வரும் என்பது உண்மை. ஆனால் அடமானம் வைத்த சொத்தில் வங்கி கைதான் முதலில். லீசிங் மெஷினை லீசிங் கம்பெனி தூக்கிக்கொண்டு போகும். மிச்சத்தில் பங்கு போட வெட்டு மேசையும் பழைய ஃபேனும்தான் இருக்கும். அங்கே கையில் வருவதை வாங்குவது புத்திசாலித்தனமாக இருக்கலாம், ஆனால் காசாக அல்லது வங்கிக் கணக்குக்கு வந்த பிறகு. ஆறு மாதம் தள்ளித் திகதி போட்ட செக்குக்கு இன்றைக்குக் கையெழுத்து வைக்கக் கூடாது.

பணிக்கொடைக்கு ஒரு பல் இருக்கிறது. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதமானால் மேலதிகக் கட்டணம்: ஒரு மாதத்துக்குள் 10%, மூன்று மாதம் வரை 15%, ஆறு மாதம் வரை 20%, ஒரு வருடம் வரை 25%, அதற்கு மேல் 30%. ஈ.பி.எப் கட்டாவிட்டால் இன்னும் கடுமை, ஒரு வருடம் தாண்டினால் 50% வரை ஏறும். தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து அபராதம் மாதிரி அறவிடலாம்.

#14 தேயிலைப்பேர்

"வீட்ல இருங்க, ஓடர் வந்ததும் கோல் பண்றோம்"னு அனுப்புறாங்களே, அது எதுல சேரும்? சம்பளமும் இல்ல, நிப்பாட்டவும் இல்ல.

#15 கையெழுத்து

அதே சட்டத்தில்தான். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அந்தச் சட்டத்தில் முடிவுறுத்தலாகவே கருதப்படும். இது நிறையப் பேருக்குத் தெரியாது, முதலாளிகளுக்கும்தான்.

ஆகையால் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே காலத்தை விட வேண்டாம். முறைப்பாடு செய்ய 6 மாதம்தான் அவகாசம். தொழில் நியாய சபைக்குப் போவதற்கும் அதே 6 மாதம். "கோல் பண்றோம்" என்று ஏழு மாதம் இழுத்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்கு வரத் தயார் என்று ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் "அவங்களாத்தான் வரல, வேலையை விட்டுட்டாங்க" என்று ஒரு கடிதம் அங்கிருந்து வரும்.

#16 ஊசிநூல்

மூடப்போற ஃபேக்டரியை முன்கூட்டியே அடையாளம் காணலாம். லைன்ல இருக்கிறவங்களுக்கு எச்.ஆர்.ஐ விட முன்னாடியே தெரியும், என்ன பார்க்கணும்னு தெரிஞ்சா.

கட்டிங்ல வேலை நின்னா, தையல் லைனுக்கு ரெண்டு மூணு கிழமை வேலைதான் மிச்சம். சாம்பிள் ரூம் மூடினா அடுத்த சீசன் ஓடர் இல்ல. "ரிப்பேருக்கு"ன்னு கேட் பாஸ்ல போற மெஷின் திரும்பி வருதான்னு பாருங்க. ஓவர்லொக்கும் பிளாட்லொக்கும் போச்சுன்னா பனியன் துணி வேலை இனி எடுக்க மாட்டாங்கன்னு அர்த்தம். ஊசியும் எண்ணெயும் கணக்குப் பார்த்துக் குடுக்க ஆரம்பிப்பாங்க. சம்பளம் 10ஆம் திகதியில இருந்து 15, 20னு தள்ளும்.

எல்லாத்தையும் விட முக்கியம், சம்பளத்தாள்ல கம்பெனி பேர் மாறுறது. அதே கட்டடம், அதே சுப்பர்வைசர், ஆனா பேர் புதுசு. பழைய சேவைக் காலத்தைத் துண்டிக்கத்தான் பாதி நேரம் அப்படிச் செய்றாங்க.

#17 சம்பளத்தாள்

மேலே சொன்னதோடு ஈ.பி.எப்ஐயும் சேருங்கள். ஒவ்வொரு மாதக் காசும் அடுத்த மாத முடிவுக்குள் மத்திய வங்கிக்குப் போக வேண்டும். தாளில் 2,400 கழித்திருப்பார்கள், வங்கிக்குப் போயிருக்காது. தாளைப் பார்த்து நம்பாமல் மத்திய வங்கியின் ஈ.பி.எப் திணைக்களத்தில் கணக்கு மீதியைக் கேளுங்கள். மூன்று மாதம் விடுபட்டிருந்தால் அந்த ஃபேக்டரி ஏற்கெனவே உங்கள் காசில்தான் ஓடுது.

ஒரு தப்பு எண்ணத்தையும் சொல்ல வேண்டும். ஃபேக்டரி மூடினதும் ஈ.பி.எப் எடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். தனியார் கம்பெனி மூடுவது அதற்குக் காரணம் ஆகாது. பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55. திருமணத்தைக் காரணமாக வைத்து வேலையை விடும் பெண்களுக்கு, நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு, உடல் இயலாமைக்கு, ஓய்வூதியம் உள்ள அரச வேலையில் சேர்கிறவர்களுக்கு முன்கூட்டி எடுக்கலாம். ஈ.டி.எப்பை வேலை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். மூடின கையோடு கிடைக்கக்கூடியது நட்டஈடு, பணிக்கொடை, ஈ.டி.எப். வீட்டுச் செலவுக் கணக்கை இதை வைத்துத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, பேரும் அடையாள அட்டை இலக்கமும். தோட்டப் பதிவில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, சிங்களத்தில் எழுதும்போது மூன்றாவது மாதிரி. எத்தனையோ கணக்குகள் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கு. ஃபேக்டரி திறந்திருக்கும்போதே எச்.ஆர்.இல் சொல்லித் திருத்தினால் எளிது. மூடிய பிறகு திருத்தக் கடிதம் தர ஆளே இருக்காது.

#18 சாரல்

ஏஜென்சி மூலமா வர்ற மேன்பவர் ஆட்கள்? ஒரே லைன்ல பக்கத்துப் பக்கத்து மெஷின்ல இருப்பாங்க. ஒருத்தருக்குச் சம்பளத்தாள், மத்தவங்களுக்கு நாள் காசு.

#19 கையெழுத்து

அங்கே நிலைமை பலவீனம். நாள் காசு வாங்கி ஏஜென்சி மாறி மாறிப் போகிறவர் 180 நாளைக் காட்டுவதே கஷ்டம். ஆனால் ஈ.பி.எப் அவர்களுக்கும் உரியது. நாள் கூலி, தற்காலிகம் என்று அதில் விலக்கு கிடையாது. ஃபேக்டரி பஸ்ஸில் வந்தது, ஃபேக்டரி சுப்பர்வைசர் வேலை சொன்னது, கைவிரல் மெஷினில் பதிந்தது எல்லாம் யார் உண்மையான முதலாளி என்பதற்குச் சாட்சி. நாள் குறித்த கொப்பி ஒன்று வைத்திருந்தால் அதுவும் உதவும்.

#20 மேபீல்ட் சந்தி

சங்கம்? தோட்டத்துல மூணு தலைமுறையா சந்தா கட்டுறோம். அதே வீட்டுப் புள்ளை கார்மன்ட் போனா சங்கம் கிடையாது.

#21 பழைய ஃபைல்

சட்டத்தில் தடை இல்லை. 7 பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். ஆனால் முதலாளி பேசியே ஆக வேண்டும் என்றால் 40% பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 200 பேர் ஃபேக்டரியில் 80 பேர். தோட்டத்தில் லயத்துக்கு லயம் (வரிசை வீடுகள்) சந்தா சேர்ந்தது, எல்லோரும் ஒரே இடத்தில் குடியிருந்ததால். கார்மன்ட் பிள்ளைகள் பத்துத் தோட்டத்தில் இருந்து வருகிறார்கள், பேசிக்கொள்ளக் கிடைப்பது பஸ் நேரம் மட்டும். ஊழியர் சபை என்று ஃபேக்டரிக்குள் வைத்திருப்பதில் சாப்பாடு, பாத்ரூம், பஸ் பற்றிப் பேசலாம். மூடும் நேரத்தில் அது வாய் திறந்து கண்டதில்லை. தோட்டச் சங்கங்கள் ஏன் இதில் கை வைக்கவில்லை என்பது அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

#22 சாரல்

கடைசியா ஒன்னு. தாள் சிங்களத்துல இருந்தா என்ன பண்றது, தொழில் அலுவலகத்துக்கு என்னென்ன கொண்டு போகணும்?

#23 கையெழுத்து

தமிழில் கேட்கலாம், கேட்க வேண்டும். தரமாட்டோம் என்றால் வாங்கி வீட்டுக்குக் கொண்டு போய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதையும் மறுத்தால் போனில் படம் எடுங்கள். கட்டாயத்தில் கையெழுத்து வைக்க நேர்ந்தால், அன்றைக்கே அல்லது மறுநாள் "விளங்கப்படுத்தாமல் வாங்கினார்கள்" என்று தொழில் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வெற்றுத் தாளிலும், திகதி போடாத தாளிலும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

கொண்டு போக: நியமனக் கடிதம், கிடைத்த எல்லாச் சம்பளத்தாளும் (முதல் வருடத்தது ஒன்று, கடைசி மூன்று மாதத்தது கட்டாயம்), ஈ.பி.எப் உறுப்பினர் இலக்கம் உள்ள அட்டை, அடையாள அட்டைப் பிரதி, ஃபேக்டரி அடையாள அட்டை, சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகம். நியமனக் கடிதம் இல்லாவிட்டால் வங்கிப் புத்தகமே சேவைக் காலத்தைக் காட்டும். ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளையில் தொழில் அலுவலகங்கள் இருக்கு. ஃபேக்டரி எந்தப் பிரிவில் இருக்கோ அந்த அலுவலகம், உங்கள் வீடு இருக்கிற பிரிவு இல்லை. தனித்தனியாகப் போகாமல் பத்துப் பேர் சேர்ந்து போங்கள், ஆனால் முறைப்பாடு ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். கூட்டு மனுவில் ஒருவர் பின்வாங்கினால் மற்றவர்கள் கணக்கும் சிக்கும்.

#24 ஊசிநூல்

ஃபேக்டரி அட்டையை வாங்கிட்டுத்தான் கடைசி நாள் வெளிய விடுவாங்க. முன்னாடியே ரெண்டு பக்கமும் படம் எடுத்து வச்சுக்கோங்க.

#25 சம்பளத்தாள்

சம்பளம் வட்ஸ்அப்பில் படமாக வருகிற ஃபேக்டரிகளுக்கும் இது பொருந்தும். ஃபேக்டரி குரூப்பை மூடினால் தாளும் போகும். இன்றைக்கே இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். சாரல், 12 வருடச் சேவைக்குத் தனியாகக் கேட்டிருந்தீர்கள்: 12½ + 14 = 26½ மாதம், 30,000க்கு 7,95,000. பணிக்கொடை 1,80,000 தனி.